நரேலா பஸ்ஸும் அப்பாவின் பைக்கும்

2025 ஜூனில் டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபின், நரேலாவுக்குக் குடிபோன பிள்ளைகளுக்குப் பழைய இடமான ஜங்புரா சுமார் 40 கி.மீ. தூரமாகிவிட்டது. அந்த வழியிலேயே ஒரு கணக்கு.

மகள் ஏறிய பஸ் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறது. அவள் மறந்த டிபன் டப்பாவோடு அப்பா அரை மணி கழித்து பைக்கில் 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறார். எங்கே பிடிப்பார்?

முதலில் இடைவெளியைப் பாருங்கள்: பஸ் 10 கி.மீ. முன்னே இருக்கிறது. ஒரே திசை என்பதால் வேகங்களைக் கழியுங்கள்: 20. பத்தை இருபதால் வகுத்தால் அரை மணி. பைக் ஓடியது 20 கி.மீ., சரியாகப் பாதி வழி.

எதிரெதிரே வந்தால் கூட்டுங்கள். டெல்லி நிஜாமுதீன் ரயில் நிலையம் பக்கம் 60, 90 கி.மீ. வேகத்தில் எதிர்ப்படும் ரயில்கள் 150-ல் நெருங்குகின்றன.

நிமிடத்தை மணியாக மாற்றாமல் வகுக்கவே வகுக்காதீர்கள். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான்.