கிளாண்டை இறுக்கி ஷாஃப்டைக் கெடுக்காதீர்கள்

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் தொழிலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும்போதே புரொப்பல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்டையும் திறந்துவிடுங்கள். படகு மிதக்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம். கிளாண்டுக்குள் இருக்கும் பேக்கிங் கயிற்றை உருவினால் கடல்நீர் உள்ளே பாயும்.

நட்டுகளைக் கழற்றி, கொக்கியால் பழைய பேக்கிங் கயிற்றை அடிவரை எடுங்கள். மேலே மட்டும் இரண்டு வளையம் புதிதாகப் போட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. அடியில் கிடக்கும் பழைய கயிறு காய்ந்து இறுகியிருக்கும். தண்ணீரையும் தடுக்காது, ஷாஃப்டையும் தேய்க்கும். இந்தப் படகுகள் ஓடும் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். புரொப்பல்லர் கிளறும் சேறும் மணலும் அந்தக் கயிற்றில் ஏறியிருக்கும். ஷாஃப்ட் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது. லேத் பட்டறையில் காட்டாமல் புதுக் கயிறு போடுவது வீண்செலவு.

கயிற்றின் கனத்துக்குக் கணக்கு எளிது. கயிறு அமரும் பெட்டியின் உள்விட்டம் 70 மி.மீ., ஷாஃப்ட் 50 மி.மீ. என்றால் வித்தியாசத்தில் பாதி, 10 மி.மீ. கயிறு. ஷாஃப்டின் தேயாத பகுதியில் அளந்து, அங்கேயே சுற்றி, முனைகள் சரியாகப் பொருந்தும்படி சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு வளையமாக உள்ளே தள்ளுங்கள். ஒன்றின் இணைப்பு மேலே இருந்தால் அடுத்ததன் இணைப்பு பக்கவாட்டில் வரட்டும். ஒரே வரிசையில் நின்றால் அதுவே தண்ணீருக்கு வழி.

நட்டுகளை இப்போதைக்குக் கையால் முடுக்கினால் போதும்.

படகை இறக்கி எஞ்சினை ஓட்டிய பிறகுதான் முக்கியமான வேலை. ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு கசிய வேண்டும். கயிற்றையும் ஷாஃப்டையும் குளிர்விப்பது அந்தத் தண்ணீர்தான். நம் வயல்களில் சென்ட்ரிஃபியூகல் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த விஷயமே. அரைமணி ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்திக் கிளாண்டைத் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டால் தளர்த்துங்கள். கசிவு மிகுதியாக இருந்தால் எல்லா நட்டுகளையும் சமமாக, கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முடுக்கினால் கிளாண்டு சாய்ந்து ஷாஃப்டை உரசும். சொட்டு சரியானதும் லாக் நட்டைப் பூட்டுங்கள்.

முதல் சில நாட்களில் புதுக் கயிறு படிந்து கசிவு கூடும். கரை திரும்பியதும் மறுபடி பாருங்கள். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பையும் கடலுக்குப் போகுமுன் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.