முள்ளைத் துரத்தாதே

ஜெஞ்சாரோம்

அன்புள்ள கதிர்,

செம்பனை ஆலையில் உன்னைப் பாய்லர் பகுதியில் போட்டிருப்பதாக உன் அப்பா சொன்னார். எரிபொருளை எந்த வேகத்தில் உள்ளே விடுவது என்பதுதான் உனக்குக் குழப்பமாம். அதற்கு ஒரே எண் கிடையாது தம்பி. எதைப் பார்த்துக் கூட்டுவது, எதைப் பார்த்துக் குறைப்பது என்பதைத்தான் கற்க வேண்டும்.

முதலில் எரிவது எது என்று தெரிந்துகொள். 100 கிலோ பழக்குலையில் ஏறக்குறைய 13 கிலோ நாரும் 6 கிலோ கொட்டை ஓடும் எரிக்க மிஞ்சும். நார் ஈரமாக இருந்தாலும் மெல்லியது. சட்டென்று எரிந்து தீரும். ஓடு மெதுவாகப் பற்றி நெடுநேரம் சூடு தரும். ஆனால் ஓடு மிகுந்தால் சாம்பல் உருகிக் கட்டியாகி, நெருப்புத் தட்டான கிரேட்டில் காற்று வரும் வழியை அடைத்துவிடும்.

அழுத்தமானியின் முள் இறங்கினால் எரிபொருளைத் தள்ளும் ஃபீடரைக் கூட்டத் தோன்றும். கூட்டு, ஆனால் கொஞ்சமாக. போட்டது காய்ந்து, பற்றி, தண்ணீரைச் சூடாக்கி, முள்ளை அசைக்கச் சில நிமிடமாவது பிடிக்கும். அதற்குள் மறுபடி கூட்டினால் இரண்டும் சேர்ந்து எரியும். அழுத்தம் எகிறி சேஃப்டி வால்வு சீறும். பதறிக் குறைத்தால் முள் திரும்பவும் கீழே போகும். நாள் முழுக்க முள்ளைத் துரத்திக்கொண்டே இருப்பாய்.

எரிபொருள் கூடும்போது காற்றும் அதற்கேற்பக் கூட வேண்டும். புகைபோக்கி கறுத்தால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் அழுத்தம் இறங்கினால், மிகுதிக் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகிறதா என்று பார்.

சாம்பலும் பேசும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் ஆந்திரசைட் நிலக்கரி அடுப்பை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் கரி தானாக நகர்ந்து, எரிந்து, சாம்பலாகத் தட்டின் ஓரத்தில் விழும்; விழுமுன் ஓரத்தில் ஓரிரு அங்குலம் வெறும் சாம்பல் இருக்க வேண்டும். தணலோடு விழுந்தால் வேகம் அதிகம். பாதித் தட்டு சாம்பலாகக் கிடந்தால் வேகம் போதாது. நம் பாய்லரிலும் எரியாத நாரும் கறுத்த ஓடும் சாம்பலோடு வந்தால், தள்ளுவது அதிகம் என்று பொருள்.

இன்னொன்று: பழம் அவிக்கும் ஸ்டெரிலைசர் நீராவியைத் திடீரென்று இழுக்கும். ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் என்பதால் அடுத்த இழுப்பு எப்போது என்று முன்பே தெரியும். முள் விழும்வரை காத்திராமல், சில நிமிடம் முன்னதாகவே நெருப்பைத் தயார் செய்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது, பாய்லரின் நீர்மட்டம் காட்டும் தண்ணீர்க் கண்ணாடி. அதில் தண்ணீர் தெரியாமல் போனால் எரிபொருளை நிறுத்து, புதுத் தண்ணீர் விடாதே, பாய்லருக்குப் பொறுப்பான ஸ்டீம் டிரைவரைக் கூப்பிடு.

ஒரு ஷிப்டு முழுவதும் ஸ்டெரிலைசர் திறந்த நேரத்தையும் ஃபீடரைத் திருப்பிய நேரத்தையும் முள் நின்ற இடத்தையும் எழுதி எடுத்து வா. உட்கார்ந்து பார்ப்போம்.

உன் பெரியப்பா