ஒயர் இல்லாமல் ஓடும் படகு



இந்த மாதம் அறிவியல் பகுதி என் முறை. கண்காட்சியில் எங்கள் குழு வைத்த ரிமோட் படகைப் பார்த்து ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, ஒயர் எங்க இருக்கு?" அன்று கூட்டத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒயரே கிடையாது. இதே சந்தேகம் 1898-லேயே ஜனங்களுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற அரங்கில் மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் இரும்பில் செய்த சின்னப் படகு ஒன்று. ஓரமாக நின்றவர் ஒரு பெட்டியில் இருந்த பிடியைத் திருப்ப, படகு போனது, திரும்பியது, விளக்கை எரித்து அணைத்தது. அவர்தான் நிகோலா டெஸ்லா. ஏ.சி. மின்சாரத்துக்காக நாம் கேள்விப்பட்ட அதே டெஸ்லா. உலகத்தில் ரேடியோ அலையால் ஓட்டிய முதல் மாதிரிப் படகைச் செய்தவர் அவர். பார்த்தவர்கள் நம்பவில்லை. மந்திரம் என்றார்கள், உள்ளே பழக்கிய குரங்கு உட்கார்ந்து ஓட்டுது என்றுகூடச் சொன்னார்களாம். அவரும் சும்மா இல்லை. "64-க்குக் கனமூலம் என்ன?" என்று படகையே கேட்கச் சொல்வாராம். விளக்கு நாலு தடவை மின்னும். (பெட்டியை இயக்கியது அவர்தானே!)

உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். ஒரு குழாயில் உலோகத்தூள். சாதாரணமாக அதில் மின்சாரம் போகாது. ரேடியோ அலை வந்து பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். உடனே படகில் இருக்கும் பேட்டரி வேலை செய்யும். ஆனால் ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. அதனால் ஒவ்வொரு அலைக்குப் பிறகும் குழாய் தலைகீழாகத் திரும்பித் தூளை உதிர்க்கும்படி செய்திருந்தார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அலை படகைத் தள்ளுவதில்லை, ஸ்விட்சை மட்டும் தட்டுகிறது. ஓடுவதற்கான சக்தி படகுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு அலைக்கு ஒரு கட்டம் நகரும், ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

1898 நவம்பர் 8 அன்று 613809 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் காப்புரிமை அலுவலகத்தின் தலைமை ஆய்வாளர் நேரில் வந்து படகு ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாராம். நம் நாட்டிலும் 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியை ரேடியோ அலையால் அடிக்க வைத்துக் காட்டியிருக்கிறார். அது டெஸ்லாவின் படகுக்கும் முன்னாடி!

பந்தயப் படகுக்கு வருவோம். முதலில் மாதிரிப் படகுகளைக் குளத்து நடுவில் கம்பம் நட்டு, அதில் கம்பியால் கட்டி, செக்குமாடு மாதிரி சுற்றவிட்டுத்தான் வேகம் பார்த்தார்கள். பிறகுதான் கையடக்க ரேடியோ வந்தது. 1950-களில்கூட பலருக்கு ஒரே பொத்தான்தான். ஒரு தடவை அழுத்தினால் இடது, இன்னொரு தடவை அழுத்தினால் வலது. சுக்கானைத் திருப்பியது முறுக்கிய ரப்பர் பேண்ட்! 1959-இல் நாவிகா என்ற உலக அமைப்பு தொடங்கி, மிதவைகளைச் சுற்றி ஓட்டும் பந்தயங்களுக்கு விதிகள் செய்தது. வேகமாகப் போகும் படகு தண்ணீரைக் கிழிக்காது, மேலே வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் படகுகளில் இரட்டை அடி உள்ள ஒரு வகைக்கு உலகம் முழுக்க 'கட்டமரான்' என்றுதான் பெயர். நம்ம கட்டுமரம்! 1697-இல் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்ததைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் நம் கட்டுமரத்துக்கு இரண்டு அடி கிடையாது, கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதுதான். பெயர் மட்டும் வேறு படகுக்குப் போய்விட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கே கதை" என்று சிரித்தார்.

எங்கள் படகு தெர்மாகோல். உடைந்த ரிமோட் காரின் மோட்டாரும் போர்டும் போட்டோம். சைக்கிள் கம்பியை, பழைய ரேடியோ ஏரியல் குழாய்க்குள் விட்டு கிரீஸ் அடைத்தோம். கிரீஸ் இல்லாவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் (முதல் நாள் ஏறிவிட்டது). தகர மூடியை வெட்டி சுக்கான்.

கண்காட்சியில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். நான் நேராக ஓட்டுகிறேன், படகு தானாக இடது பக்கம் போய்த் தொட்டியில் முட்டுகிறது. என்னடான்னு பார்த்தா, பக்கத்து மேசையில் பையன்கள் வைத்திருந்த ரிமோட் காரும் அதே 27 மெகாஹெர்ட்ஸ்! அவர்கள் திருப்பினால் என் படகும் திரும்புது. பந்தயக்காரர்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டார்களாம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஓட்டக் கூடாது என்று முதலிலேயே பிரித்துக்கொள்வார்கள். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் படகும் ரிமோட்டும் ஒன்றை ஒன்று அடையாளம் வைத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை. பார்க்க வந்த ஒருவர், "அண்ணன் செஞ்சு குடுத்தாரா?" என்று கேட்டார். எனக்கு அண்ணனே கிடையாது.

இந்தப் படகை ஏன் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. போன கோடையில் எங்கள் குப்பத்துக் கடலில் வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் குளிக்க இறங்கி அலையில் மாட்டிக்கொண்டார்கள். சித்தப்பா கயிறு வீசினார். எட்டவில்லை. பிறகு நீந்திப்போய் ஒருவனைத்தான் இழுத்து வர முடிந்தது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் எமிலி என்ற ரிமோட் படகைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஹைட்ரோனாலிக்ஸ் நிறுவனம் செய்தது. நாலடி நீளம். ஆள் ஏறுவதற்கு இல்லை, பிடித்துக்கொண்டு மிதப்பதற்கு. கயிற்றோடும் அனுப்பலாம். 2016-இல் கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவுக் கடலில், அகதிகளைக் காப்பாற்றும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். பந்தயப் படகுக்கு வேண்டிய அதே மூன்றுதான் இதற்கும் வேண்டும்: வேகம், கவிழாத உடம்பு, சொன்னதைக் கேட்கும் சுக்கான்.

போன ஞாயிற்றுக்கிழமை குளத்தில் எங்கள் படகின் பின்னால் நைலான் நூலைக் கட்டி விட்டோம். பாதிக் குளம் வரை இழுத்துக்கொண்டு போனது. பிறகு பாசி விசிறியில் சுற்றி நின்றுவிட்டது, நூலைப் பிடித்தே திரும்ப இழுத்தோம். விசிறியைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு போட வேண்டும். படகு ஆய்வக அலமாரி மேல் இருக்கிறது. யார் வீட்டிலாவது பழைய கொசுவலைக் கம்பி இருந்தால் கொண்டு வாருங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி