குடிசை நிலத்துக்கு வந்த சட்டம்

கேரளத்தில் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகள் ஏராளம். அவர்களுக்குக் குடிகிடப்புக்காரர் என்று பெயர். நிலத்தின் சொந்தக்காரர் ஜென்மி. ஜென்மி "இறங்கு" என்று சொல்லிவிட்டால் சட்டி பானையோடு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. குடிசை நிற்கும் நிலத்தை அவர்களே குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை. நகராட்சியில் 5 சென்ட். திருவனந்தபுரம் போன்ற பெரிய நகரத்தில் 3 சென்ட்.

இந்தச் சட்டம் எளிதில் வரவில்லை. திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் அலைந்து அலைந்து வந்தது.

1957-ல் கேரளத்தில் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சர் ஆனார். ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது. யாரையும் நிலத்திலிருந்து இறக்கக் கூடாது என்றது அது. சபை கூடாத நேரத்தில் போடுவதுதான் அவசரச் சட்டம். சபை கூடியதும் அதை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வாரத்தில் அது செல்லாமல் போகும்.

நிலையான சட்டத்துக்கு மசோதா வேண்டும். மசோதா என்றால் சட்டமாக வேண்டிய எழுத்து. வருவாய் அமைச்சர் கே.ஆர். கௌரி 1957 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார். சபையில் மசோதாவை ஒவ்வொரு பிரிவாகப் பேசுவார்கள். திருத்தம் சொல்வார்கள். பிறகு ஓட்டெடுப்பு. இந்த மசோதா நிறைவேற ஒன்றரை ஆண்டு ஆனது. 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த மந்திரிசபையையே கலைத்துவிட்டது!

மசோதா அப்போது ஜனாதிபதி கையில் இருந்தது. நிலச் சட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். அவர் சில மாற்றங்கள் சொல்லித் திருப்பி அனுப்பினார். புதிய சபை அதை மறுபடி நிறைவேற்றியது. 1961-ல் கையெழுத்து கிடைத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், சில வகை நிலங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்றது.

1963-ல் ஆர். சங்கர் முதலமைச்சராக இருந்தபோது சபை வேறு சட்டம் செய்தது. அதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டால்? அரசியல் சட்டத்தில் ஒன்பதாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. நிலச் சட்டங்களைக் காப்பாற்ற 1951-ல் சேர்த்தது. கேரளச் சட்டத்தை அதில் ஏற்ற வேண்டும். அது திருவனந்தபுரத்தால் முடியாது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் வேலை டில்லிப் பாராளுமன்றத்துக்கு உரியது.

பாராளுமன்றத்தில் இரண்டு சபைகள். மக்களவைக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். இன்று 543 இடங்கள். கேரளத்துக்கு 20. மாநிலங்களவையில் 245 இடங்கள். கேரளத்துக்கு 9. அந்த 9 பேரை நம் சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டு டில்லி வரை போகிறது. பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சாதாரண மசோதாவுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் போதும். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அது போதாது. வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டு சபையிலும் தனித்தனியாக இப்படி வேண்டும். 1964-ல் 17-ஆவது திருத்தம் நிறைவேறி, கேரளச் சட்டம் அட்டவணையில் ஏறியது.

1969-ல் சபை சட்டத்தை இன்னும் பலப்படுத்தியது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகைமுறை ஒழிந்தது. 1972-ல் பாராளுமன்றம் இந்த மாற்றத்தையும் அட்டவணையில் ஏற்றியது. காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி வழக்காடினார். 13 நீதிபதிகள் விசாரித்தார்கள். 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பு வந்தது. நிலச் சட்டம் நிலைத்தது. ஆனால் பாராளுமன்றத்துக்கும் ஓர் எல்லை போட்டார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படையை மாற்றக் கூடாது.

விட்டுப்போனவர்களும் உண்டு. தோட்டங்களுக்கு நில உச்சவரம்பு இல்லை என்று இந்தச் சட்டமே விலக்குக் கொடுத்தது. மூணாறு, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறையாக லயத்தில் இருக்கிறார்கள். லயம் கம்பெனிக்குச் சொந்தம். அந்த விலக்கும் சட்டத்தில் எழுதிய ஒரு பிரிவுதான். அதை மாற்ற, 140 பேர் கூடும் திருவனந்தபுரம் சபைக்கு மறுபடி ஒரு மசோதா வர வேண்டும்.