காட்சிப்பலகையும் கடவுச்சொல்லும்

மேனிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் உணரியொன்று, அவ்வளவைப் பெற்று உரியவிடத்து வழங்கும் ‘புரோக்கர்’ என்னும் இடைநிலை நிரல், அதனை வரைபடமாகத் திரையிற் காட்டும் காட்சிப்பலகை ஆகிய மூன்றையும் இணைப்பின், பொருள்களின் இணையம் எனப்படும் அமைப்பு எளிய அளவில் உருவாகும். இவற்றிடையே செய்தி கொண்டு செல்லும் நெறிமுறைகளுட் பெரிதும் வழங்குவது எம்.கியூ.டி.டி. என்பதாம். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணித்தற்பொருட்டு ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் 1999-ஆம் ஆண்டில் இதனை வகுத்தனர்.

இவ்வமைப்பை நிறுவப் புகும் மாணாக்கர் பலர் இடர்ப்படுவது நுழைவு மறுக்கப்படும் இடத்தேயாம். மறுப்பைக் கண்டவுடன் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் மாற்றுதல் வீணுழைப்பு. மறுத்தது எது, எதனை மறுத்தது என்பதே முதற்கண் ஆராயற்பாலது. நெறிமுறையின் 3.1.1-ஆம் பதிப்பு, பெயரோ கடவுச்சொல்லோ பிழையாயின் 4 என்றும், அனுமதி இன்றேல் 5 என்றும் விடை வகுத்துள்ளது. ஆயினும், பலரும் கையாளும் மொஸ்கிட்டோ என்னும் இடைநிலை நிரல், கடவுச்சொல் பிழைத்தவிடத்தும் 5 என்றே விடுக்கும். ஆதலின் எண்ணை மட்டும் நம்பி அனுமதிப்பட்டியலைத் திருத்தப் புகுவோர் ஏமாறுவர்.

இடைநிலை நிரல் உள்ள கணினியிலிருந்தே, அதே பெயரையும் கடவுச்சொல்லையுங் கொண்டு இணைந்து பார்க்க. இணையுமாயின் பிழை கருவியின்பாலது. இணையாதாயின் கடவுச்சொற்கோப்பை நோக்குக. அக்கோப்பை ஆக்கும் கட்டளையோடு ‘-சி’ என்னும் குறியைச் சேர்த்தால், முன்னிருந்த கோப்பு அழிந்து புதியது தோன்றும். இரண்டாங் கருவிக்குப் பெயர் சேர்க்கும்பொழுதும் பழக்கத்தால் அக்குறியை இடுவார் உளர். நேற்றுவரை குறைவின்றி இயங்கிய முதற்கருவி அதன்பின் வாயிலில் நிற்கும். கோப்பைத் திருத்தியபின், நிரலை அதனை மீளப் படிக்கச் செய்தலும் வேண்டும்.

இதனினும் நுண்ணியது ஓசையில்லா மறுப்பு. நுழைவு கிடைத்தும், குறித்த தலைப்பின்கீழ்ச் செய்தி விடுக்க அனுமதி இல்லையாயின், 3.1.1-ஆம் பதிப்பில் அதனை அறிவிக்க எண் யாதுமில்லை. மொஸ்கிட்டோ அச்செய்தியை ஏற்றதுபோற் காட்டிக் கைவிட்டுவிடும். கருவி தன் கடன் முடிந்ததென்றிருக்க, பலகை வெறுமையாய்க் கிடக்கும். 2019-இல் வெளிவந்த 5-ஆம் பதிப்பில், ஒப்புகை வேண்டி அனுப்பிய செய்திக்கு மறுப்பின் காரணமும் திரும்பி வர வழியுண்டு.

காட்சிப்பலகை தரவுத்தளத்தினுட் புகுதற்குக் காட்டும் அடையாளம் முற்றும் வேறானது. ஆண்டு 401 என்னும் எண் தோன்றின், உணரியைக் கழற்றிப் பார்த்தலாற் பயனில்லை.

சலிப்புற்ற சிலர், பெயரிலார்க்கும் நுழைவு தருமாறு அமைத்து, வரைபடம் தோன்றிற்றென மகிழ்வர். அவ்வழக்கை மொஸ்கிட்டோவின் 2.0 பதிப்பு 2020-இல் இயல்பமைப்பினின்று நீக்கியது காரணமின்றியன்று. நீர்மட்டம் செல்லும் வழியிலேயே மோட்டாரை இயக்கும் ஆணையும் செல்லுமாயின், அவ்வலைப்பின்னலிற் புகுந்த எவரும் அம்மோட்டாரை நள்ளிரவிலும் இயக்கக் கூடும். சோதனைக்கெனத் திறப்பார், மோட்டாரின் இணைப்பை முன்னரே பிரித்து வைத்து, சோதனை முடிந்தவுடன் வாயிலை அடைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பெயரும் அதற்குரிய தலைப்பில் மட்டும் எழுதும் அனுமதியும் அளிப்பாராக.