ஐ.பி.எஸ். வயிறு: பவுடர் ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியதும் வயிறு முறுக்குதா? ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தும் 'நார்மல்' என்றே வருதா? ஒரு ராத்திரி போனில் 'வயிற்று உப்புசம்' என்று தேடியிருப்பீர்கள். மறுநாளிலிருந்து எந்த ஆப் திறந்தாலும் குடல் சுத்தம் செய்யும் பவுடர், கேப்ஸ்யூல், ஜூஸ் விளம்பரம்தான். ஆர்டர் பட்டனைத் தொடும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

ஐ.பி.எஸ். என்றால் என்ன?

காக்கிச் சட்டை ஐ.பி.எஸ். இல்லைங்க! இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம் இது. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. ஆனால் குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பும் சீராக இருக்காது. அதனால் வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். வலி உண்மையானது, 'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டாக்டர்கள் பின்பற்றும் 'ரோம் 4' அளவுகோலின்படி, கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பது, எத்தனை முறை போகிறது என்பதில் வரும் மாற்றம், மலத்தின் தன்மையில் வரும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டோடாவது தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

• மலத்தில் ரத்தம், அல்லது கறுப்பு நிற மலம்
• காரணமில்லாமல் எடை குறைதல்
• தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு
• ரத்தசோகை, தொடர் காய்ச்சல்
• 50 வயதை நெருங்கும்போதோ, அதற்குப் பிறகோ புதிதாகத் தொடங்கிய தொந்தரவு
• குடும்பத்தில் குடல் புற்றுநோய்

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். ஐ.பி.எஸ். உயிருக்கு ஆபத்தானது இல்லை. ஆனால் 'ஐ.பி.எஸ்.தான்' என்று நாமே முடிவு கட்டி ஆறு மாதம் பவுடர் சாப்பிட்டால், வேறொரு பெரிய நோய் வளர நேரம் கொடுத்துவிடுகிறோம். பணம் போனால் சம்பாதிக்கலாம். போன ஆறு மாதம் திரும்பி வராது.

எது உதவலாம்?

இசப்கோல்: மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நார்ச்சத்துதான். மலச்சிக்கல் வகைக்கு நல்ல பலன் தரும். ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் சேர்த்துக் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கலாம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடாமல் இடைவெளி விடுங்கள். 'நார்ச்சத்து நல்லதுதானே' என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டால் சிலருக்கு உப்புசம் கூடிவிடும்.

பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல்: குடலில் போய்க் கரையும் மேல்பூச்சு உள்ள வகை வலியைக் குறைக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

புரோபயாட்டிக்: சிலருக்கு உதவுகிறது, பலருக்கு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஒரே வகையை 4 வாரம் எடுங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மாதாமாதம் வாங்கத் தேவையில்லை.

டாக்டர் தரும் மருந்துகள்: வலிக்கு மெபெவெரின், வயிற்றுப்போக்குக்கு லோபெரமைடு என்று வகைக்கு ஏற்ப தருவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதித் தந்தால் பயப்பட வேண்டாம். அது குடல் நரம்புகளின் வலி உணர்வைக் குறைக்கத்தான். நீங்களாகவே வாங்கிப் போடவும் வேண்டாம்.

சாப்பாடு: வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ராஜ்மா, ஆப்பிள், மாம்பழம் சிலருக்கு வாயுவைக் கூட்டும். இவற்றைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் 'லோ ஃபாட்மேப்' முறை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. நம்ம அரிசிச் சோறு, கேரட், வெள்ளரி இதில் பிரச்சினை இல்லாத பட்டியலில் வருகின்றன. எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்துவது இந்த முறையின் நோக்கம் இல்லை. சத்துக் குறைபாடு வந்துவிடும். உணவு ஆலோசகரைக் கேட்டுச் செய்வது நல்லது.

காசை மிச்சப்படுத்துங்கள்

சோற்றுக்கற்றாழை ஜூஸ் ஐ.பி.எஸ்.ஸுக்கு வேண்டாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். 'உங்களுக்கு எந்த உணவு ஒத்துக்காது' என்று சொல்லும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனைகளையும் நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை.

போனிலேயே சரிபார்க்க 3 படிகள்

1. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உரிமம் இருப்பதால் மட்டும் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை.

2. ஹெல்த் சப்ளிமென்ட் என்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். இது சட்டப்படி உணவு, மருந்து இல்லை. நோயைக் குணப்படுத்தும் என்று போட்டிருந்தால் அது விதிமீறல்.

3. தவறு தெரிந்தால் அதே ஆப்பில் புகார் செய்யலாம். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே போகலாம்?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. ஆலோசனையும் மருந்தும் இலவசம். லீவு கிடைக்கலையா? 'இ-சஞ்சீவனி'யில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். சந்தேகம் கேட்க 104. வெளியில் மருந்து வாங்க வேண்டியிருந்தால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

போகும் முன் ஒரு சின்ன வேலை

போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து, 2 வாரத்துக்கு தினமும் நாலு விஷயம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், வலி எப்போது வந்தது, மலம் எப்படிப் போனது, அன்று தூக்கமும் டென்ஷனும் எப்படி. டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் போனை அப்படியே நீட்டிவிடலாம். சிகிச்சை தொடங்கிய பிறகும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மூன்று பவுடரை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஐ.பி.எஸ். ஒரே நாளில் மறையாது. ஆனால் எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிட்டால், பஸ் ஏறும்போது பயம் குறையும். இன்றைக்கே முதல் நாள் குறிப்பை எழுதிவிடுங்கள்.