பூமிச் சூட்டில் மின்சாரம்: பக்கத்து வீட்டார் ஏன் வேண்டாம் என்றனர்?

அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வேண்டும். நீர் மின் நிலையத்துக்கு அணை வேண்டும். புவிவெப்ப மின் நிலையத்துக்கோ இவை இரண்டுமே வேண்டியதில்லை. எரிமலைப் பகுதிகளில் நிலத்தை ஆழமாகத் துளைத்தால், பாறைச் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும் நீர் மேலே பொங்கி வருகிறது. அதன் ஆவி சுழலியைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. சாம்பல் மேடு இல்லை. இரவும் பகலும் மின்சாரம் உண்டு. இத்தகைய நிலையத்தையும் 'எங்கள் வீட்டருகே வேண்டாம்' என்று மக்கள் எதிர்த்தார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அறியாமையால் எதிர்த்தார்களா? ஓர் ஊரின் கதையைப் பார்ப்போம்.

பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் மிகப் பெரியதன் தென்கிழக்கில் பூனா என்னும் வட்டாரம் இருக்கிறது. (நம் புனே நகரின் பழைய பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கிலாவேயா எரிமலையின் பிளவு ஒன்று இந்த வட்டாரத்தின் அடியில் ஓடுகிறது. 1955-லும் 1960-லும் இங்கே நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு வழிந்தது. இருந்தும் நிலம் மலிவாகக் கிடைத்ததால் வீட்டுமனைகள் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் லெய்லானி எஸ்டேட்ஸ். எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டத்தை நினைக்காதீர்கள்; அது வெறும் வீட்டுமனைப் பிரிவுதான்.

1976-ல் இதன் அருகே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு சோதனைக் கிணறு தோண்டினார்கள். அடியில் வெப்பநிலை 358 பாகை செல்சியஸ்! மேலேயிருந்து அழுத்தும் பாரத்தால்தான் அவ்வளவு சூட்டிலும் அங்கே நீர், நீராகவே இருக்க முடிகிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. நீரின் ஒரு பகுதி சட்டென ஆவியாகிறது. 1981-ல் இக்கிணற்றின் மேல் 3 மெகாவாட் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது.

ஆனால் கிணற்றிலிருந்து ஆவி மட்டும் வரவில்லை. கூடவே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் வந்தது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிப் உபகரணத்தைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் அதே வாயுதான். அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனமானது, ஆகவே பள்ளங்களில் தங்கும். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. அதாவது, நாற்றம் நின்றுவிட்டது என்பதற்காக வாயுவும் நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்து வீட்டார் அஞ்சியதில் வேதியியல் இருக்கிறது அல்லவா?

பழைய நிலையம் தன் கழிவுநீரைத் திறந்த குட்டைகளில் விட்டது. அந்நீரில் கரைந்திருந்த மணற்சத்தான சிலிகா குட்டைகளில் படிந்தது. நாற்றம், ஆவி சீறும் ஓசை, குட்டைகள் என்று புகார்கள் குவிந்தன. இரண்டு ஆண்டுச் சோதனைக்கென்று வடிவமைக்கப்பட்ட நிலையம் 1989 வரை ஓடிய பிறகே மூடப்பட்டது. 'சிறிது காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்ற பேச்சின் மதிப்பு இதனால் குறைந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்து ஒரு தனியார் நிறுவனம் பெரிய நிலையம் கட்ட வந்தது. 1991 ஜூன் மாதத்தில் அவர்கள் துளைத்துக்கொண்டிருந்த கிணறு, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆழத்திலேயே ஆவியைத் தொட்டு வெடித்தெழுந்தது. 31 மணி நேரம் அடக்க முடியவில்லை. அருகிலிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மாநில அரசு வேலையை நிறுத்தி விசாரித்தது.

1993-ல் அந்த நிலையம் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது அதன் அமைப்பு மாறியிருந்தது. ஆவியின் எஞ்சிய சூட்டைக் கொண்டு பென்டேன் என்ற திரவத்தைக் கொதிக்க வைப்பார்கள். பென்டேனின் கொதிநிலை வெறும் 36 பாகைதான். ஆகவே மிச்சச் சூடும் வீணாகாமல் இன்னொரு சுழலியை ஓட்டும். பின்னர் குளிர்ந்த நீரையும் வாயுவையும் காற்றில் விடாமல் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்புவார்கள். குட்டை இல்லை, நாற்றமும் இல்லை, எல்லாக் குழாய்களும் ஒழுங்காக வேலை செய்யும்வரை! 2014 ஆகஸ்டில் புயல் மின்கம்பிகளைச் சாய்த்தபோது நிலையம் திடீரென நின்று, ஆவியும் வாயுவும் வெளியேறின.

நியூசிலாந்தின் ரோட்டருவா நகரில் மக்கள் இந்த வாயுவோடேயே வாழ்கிறார்கள். அதனால் ஆஸ்துமா கூடியதாக அங்கே நடந்த ஆராய்ச்சியில் தெரியவில்லை. இது உண்மைதான். ஆனால் அங்கே வாயு நிலத்திலிருந்து தானாகக் கசிகிறது. பூனாவின் கேள்வி அதுவன்று. நள்ளிரவில் கிணறு வெடித்தால் யார் எழுப்புவார்கள்? அளவுமானியைப் படிப்பவர் யார்? மின்சாரமோ தீவு முழுவதற்கும். நாற்றம் மட்டும் நமக்கா?

வேறொரு எதிர்ப்பும் இருந்தது. ஹவாயின் பழங்குடி மக்களுக்கு எரிமலை என்பது பெலே என்னும் தெய்வம். அதன் உடலைத் துளைப்பது அவர்களுக்குத் தகாத செயல். பக்கத்து மழைக்காட்டில் வேறொரு நிறுவனம் துளையிட்டபோது 1990-ல் பெரும் போராட்டம் நடந்து, பலர் கைதாயினர். அங்கே நிலையம் எழவில்லை. இந்த வருத்தத்துக்கு அளவுமானி கிடையாது.

2018 மே மாதத்தில் லெய்லானிக்குள்ளேயே நிலம் பிளந்தது. சுமார் 700 வீடுகள் எரிமலைக் குழம்பில் அழிந்தன. இதற்கு மின் நிலையம் காரணமன்று. எரிமலை தன் பழைய பாதையிலேயே வந்தது. ஆனால் குழம்பு நிலையத்தை நெருங்கியபோது இரண்டு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பென்டேன் அங்கே இருந்தது. அது எளிதில் தீப்பற்றும் திரவம். அவசரமாக அதை அப்புறப்படுத்தினார்கள். கிணறுகளைக் குளிர்நீர் ஊற்றி அடக்கினார்கள். ஒரு கிணறு நீருக்கு அடங்காததால் கனமான சேற்றைச் செலுத்த வேண்டியதாயிற்று. சில கிணறுகளைக் குழம்பு மூடியது.

தீவின் மின்சாரத்தில் சுமார் கால் பங்கைத் தந்துவந்த நிலையம் நின்றதும், அந்தக் குறையை ஈடுசெய்ய எண்ணெய் எரிக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் நிலையம் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஹவாய் மாநில விதிப்படி வெளிக்காற்றில் இந்த வாயு, ஒரு மணி நேரச் சராசரியாக, நூறு கோடிக்கு 25 பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரச் சராசரி என்பதைக் கவனியுங்கள்: ஐந்து நிமிடம் 240 பங்கு வீசிவிட்டு, மீதி ஐம்பத்தைந்து நிமிடம் காற்று தூய்மையாக இருந்தால் சராசரி என்ன வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.